பெயின்ட் உரிந்த போல்ட்

முத்தியால்பேட்டை
14 மே 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்த்தபடி கடைக்காரரோடு நீ போட்ட சண்டையைப் பார்த்தேன். நலம்தான். முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னால் குனிந்திருந்தது நான்தான். ஒளியவில்லை, செருப்பு வார் அறுந்துவிட்டது. முருங்கைக்காய்க்காரரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

நமக்குக் குடும்பக் கவுன்சிலிங் செய்கிற நிர்மலா மேடம் போட்ட சட்டப்படி இது கடிதம். போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் கத்துகிறோம். வாட்ஸ்அப்பில் பேசினால் அது உன் அண்ணன் வரைக்கும் போய்விடுகிறது (அனுப்பியது நான்தான், ஒப்புக்கொள்கிறேன்). ஆகவே கவிநிலா சம்பந்தப்பட்டதை மட்டும் காகிதத்தில் எழுதித் தபாலில் போடுங்கள், எழுதினால் கை வலிக்கும், சண்டை சுருங்கும் என்றார். முத்தியால்பேட்டையிலிருந்து கோட்டக்குப்பத்துக்கு நடந்தால் இருபது நிமிடம். தபாலுக்கு நான்கு நாள். நடுவில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு ஆரம்பிப்பதால் கடிதம் சற்று யோசித்துத்தான் கடக்கிறது போலும்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பிளஸ் டூ முடித்த நம் மகள் பி.காம். வேண்டாமாம், கார் மெக்கானிக் ஆக வேண்டுமாம். "அதுக்கு நல்ல ஸ்கூலா பாத்து சொல்லுப்பா" என்று போன வாரம் வந்து கேட்டாள். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்து ஊர்ப் பிள்ளைகளின் படிவங்களையெல்லாம் நிரப்பித் தருகிறவன் நான். எந்தக் காலேஜ், எந்தக் கோட்டா என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். சொந்தப் பெண் கேட்டதும் வாயில் கொழுக்கட்டை. எனக்கும் வண்டிக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். ஸ்கூட்டி வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பெட்ரோல் பங்க்கில் வேலை செய்கிற அம்மாதான் இன்றைக்கும் எனக்கு சீட்டைத் திறந்து தருகிறார்.

முதலில் பைபாஸ் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். ஏசி. ஆறு மாதத்தில் சர்வதேச டிப்ளமோ. ஒரு பெண் எனக்கு ஜூஸ் கொடுத்துப் பதினொரு முறை சார் போட்டது. சுவரில் பெரிய டிவி, அதில் கார் பிரிந்து பிரிந்து சேர்ந்தது. "நெஜக் கார் எங்க இருக்கு, தொட்டுப் பாக்கலாமா?" என்றாள் கவி. "செகண்ட் செமஸ்டர்ல மேடம்" என்றது அந்தப் பெண். ஆறு மாதப் படிப்பில் இரண்டாவது செமஸ்டர். ஜூஸைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தோம். நான் முடித்துவிட்டு.

எதிர்வீட்டு நாராயணசாமியை நினைவிருக்கும், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறாரே, தெருவே சொல்தா என்று கூப்பிடுமே, அவர் கேள்விப்பட்டு, "பாரிசுக்கு அனுப்புய்யா, அங்க லிசே பள்ளிக்கூடத்துல அரசாங்கமே மெக்கானிக் சொல்லித் தருது" என்றார். அந்த நாட்டுப் பிரஜை நாம் இல்லையே என்றேன். "பிரெஞ்சுக்காரன் ஊர வுட்டுப் போன அன்னிக்கே, அவன் பிரஜையா இருக்கேன்னு உங்க தாத்தா கையெழுத்து போட்டிருக்கணும்" என்று என் தாத்தா மேல் கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் உப்பளம் பகுதியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் தொழிற்பள்ளி கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டு வருடம், அரசு சான்றிதழ். புதுச்சேரி வாசிகளுக்கு மட்டும் இடம். அதற்கு வசிப்பிடச் சான்று வேண்டும். கவியின் பெயர் இன்னும் என் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. அவள் வாரநாட்களில் இங்கேயே தங்கினால் ஒரே பஸ். வசதி. வசதி என்றது அவளுக்கு.

உன் யோசனையை எழுது. திட்டுவதானாலும் இன்லேண்டில் அடங்கும்படித் திட்டு.

இப்படிக்கு
குழம்பியிருக்கும்
புருஷோத்தமன்


கோட்டக்குப்பம்
20 மே 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த வெண்டைக்காய் முற்றல். சண்டை நியாயமானது. உங்கள் செருப்பு வாரும் அறுந்திருக்கவில்லை. நீங்கள் எழுந்து ஓடிய வேகத்தை நானும் பார்த்தேன்.

ரேஷன் கார்டில் பெயர் இருப்பது வேறு, வீட்டில் ஆள் இருப்பது வேறு. இரண்டு வருடமாக அவள் என்னோடு இருக்கிறாள், பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் கோட்டக்குப்பத்தில்தான் படித்தாள். நீங்கள் தேடுவது பள்ளிக்கூடமா, வாரநாட்களா என்று எனக்குப் புரியவில்லை. புரிகிறது, ஆனால் புரியவில்லை என்று எழுதினால்தான் மரியாதை என்று நிர்மலா மேடம் சொல்லியிருக்கிறார்.

நானும் சும்மா இல்லை. லேபில் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, திண்டிவனம் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போய் அங்கே ஒரு ஐடிஐயைப் பார்த்துவிட்டு வந்தேன். தமிழ்நாட்டுப் பள்ளி, என் விலாசமே போதும். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்துப் பல வருடம் இருக்கும். நான் முதலில் பார்த்தது கக்கூஸ். பெண்களுக்குத் தனியாக இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. சாவி வாட்ச்மேன் அம்மாவாசையிடம். அவர் டீ குடிக்கப் போயிருந்தார். இதை வைத்து அந்தப் பள்ளி நல்லதா கெட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ரத்தத்தைக் கொடுத்தால் சர்க்கரை எவ்வளவு என்று சொல்வேன். என்ஜினைப் பார்த்து நான் என்ன சொல்வது?

ஒன்று மட்டும் தெளிவாக எழுதுகிறேன். அவள் படிவத்தை நீங்கள் நிரப்பக் கூடாது. 2016இல் காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வேலைக்குக் கடிதம் வந்தது. "குடும்பச் சூழல் காரணமாக விருப்பமில்லை" என்று நீங்களே பதில் எழுதி, என் கையெழுத்தையும் நீங்களே போட்டு அனுப்பினீர்கள். எனக்கு வேலை வரவேயில்லை என்று ஏழு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உங்கள் டிராயரில் அந்தப் பதிலின் நகலைப் பார்த்தேன். தப்பு செய்தாலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கிற மனிதரோடு நான் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

அவளுக்கு நல்ல ஸ்கூல் வேண்டும். அதைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

ஹேமலதா


முத்தியால்பேட்டை
26 மே 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். காரைக்கால் பத்தியை மூன்று முறை. நகல் எடுத்து வைத்ததுதான் முட்டாள்தனம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அனுப்பியதுதான் முட்டாள்தனம் என்று இப்போது சில நாட்களில் தோன்றுகிறது. எல்லா நாளும் தோன்றுகிறது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

ஸ்கூல் விஷயம். நமக்கு இரண்டு பேருக்கும் தெரியாது என்பது தெரிந்துவிட்டது. தெரிந்தவரைக் கேட்போம் என்று நம் தெருமுனையில் கார் பட்டறை வைத்திருக்கிற தேவதாஸிடம் போனேன். மனிதர் ஒரு காருக்கு அடியில் இருந்தார். காலிடம்தான் முதலில் பேசினேன்.

"இன்னா சார், படிவம் எழுதுறவரு பட்டறைக்கு வந்துக்கிறீங்க?"

"பொண்ணுக்கு மெக்கானிக் படிக்க ஸ்கூல் பாக்குறேன் தேவதாஸ்."

"நம்ம கவிக்கா? அது போன மாசம் ரெண்டு நாளு இங்க வந்து நின்னுச்சே. உங்களாண்ட சொல்லல?"

உன்னிடம் சொன்னாளா? என்னிடம் சொல்லவில்லை. உன் வீட்டில் இல்லாத நேரம் என் வீட்டில் இருப்பாள் என்று நீயும், என் வீட்டில் இல்லாத நேரம் உன் வீட்டில் இருப்பாள் என்று நானும் நினைத்திருக்கிறோம். அவள் காருக்கு அடியில் இருந்திருக்கிறாள்.

"ஒரு பழைய கிளட்ச் பிளேட்டைக் கையில குடுத்தேன் சார். தோசைய பாக்குற மாதிரி திருப்பித் திருப்பிப் பாத்துச்சி. அப்புறம் ஒரு கேள்வி கேட்டுச்சி பாருங்க, எனக்கே பதில் தெரியல. அது தேறிடும்."

"அப்ப உங்ககிட்டயே வேலை கத்துக்கட்டுமே. ஸ்கூல் எதுக்கு?"

"கத்துக்கும். ஆனா சர்டிபிகேட் இல்லாம எந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல உள்ள வுடுவான்? இப்ப வர்ற வண்டி பாதி கரண்ட்டு சார். ஸ்கேனர மாட்டிட்டு, அது என்னா சொல்லுதுன்னு படிக்க நானே எங்க அக்கா மருமவன கூப்பிடறேன். ஒழுங்கா படிக்கட்டும்."

எது ஒழுங்கான ஸ்கூல் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றேன். மனிதர் முழுசாக வெளியே வந்து உட்கார்ந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போர்டைப் படிக்காதீங்க. நோட்டீசப் படிக்காதீங்க. நேரா உள்ள நிறுத்தி வெச்சிருக்கிற என்ஜினாண்ட போங்க. போல்ட்டு தலையப் பாருங்க. பெயின்ட்டு பளபளன்னு அப்பிடியே இருந்தா, அத ஒருத்தனும் கழட்டல. அது பொம்ம. பெயின்ட்டு உரிஞ்சி, மூலை தேஞ்சி, நாலு போல்ட்டு வேற வண்டியோடதா இருந்துச்சின்னா, அங்க புள்ளைங்க கழட்டி மாட்டுதுன்னு அர்த்தம். அதான் சார் ஸ்கூலு. முடிஞ்சா வாத்தியாரு நகத்தையும் பாருங்க."

மூன்று வாரமாக நான் வைத்திருந்த பதினேழு நோட்டீசுகளும் அந்த நிமிடமே பழைய பேப்பர் ஆகிவிட்டன. அடுத்த நாளே உப்பளம் போனேன். லேப் பூட்டியிருந்தது. சுற்றுச்சுவர் நன்றாக இருக்கிறது. வாசலில் வேப்பமரம் இருக்கிறது. கவிக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

திண்டிவனத்துப் போல்ட்டுகளை நீ பார்க்க வேண்டும். அம்மாவாசை டீ குடித்து முடித்திருப்பார்.

இப்படிக்கு
நோட்டீசுகளை எடைக்குப் போட்டுவிட்ட
புருஷோத்தமன்


கோட்டக்குப்பம்
2 ஜூன் 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

பட்டறையில் நின்ற விஷயம் எனக்கும் தெரியாது. கேட்டேன். "நீ கேக்கலயே" என்றாள். இந்தப் பதிலை யாரிடம் கற்றாள் என்று யோசித்தேன். என்னிடமிருந்தும் இருக்கலாம்.

சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு திண்டிவனம் போனேன். ஷெட்டுக்குள் நான்கு என்ஜின், ஒரு பழைய ஜீப், புதுக் கார் ஒன்று. நான் போல்ட்டைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று அந்த வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கைக்குட்டையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்தேன். அவர், "என்னா மேடம், போல்ட் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டார். எல்லா அப்பா அம்மாவும் கைக்குட்டையைப் போடுவார்கள் போலிருக்கிறது.

ஒரு போல்ட்டில் கூடப் பெயின்ட் இல்லை. மூலையெல்லாம் உருண்டிருக்கிறது. ஜீப்பின் என்ஜின் மூடியில் ஒரு போல்ட் சைக்கிளுடையது என்று கவி கண்டுபிடித்துச் சொன்னாள். வாத்தியார் கையில் ஸ்பேனரைக் கொடுத்து, கழற்றிப் பார் என்றார். கழற்றினாள். பத்து நிமிடம் அவளுக்கு நான் அங்கே இருப்பதே தெரியவில்லை. வாத்தியார் நகத்தையும் பார்த்தேன். கருப்பு.

திரும்பும்போது பஸ்ஸில் ஆரோவில் முனை தாண்டியதும், "உப்பளத்துலயே சேந்துக்கிறேம்மா" என்றாள்.

"ஏண்டி, அங்க நல்லாத்தானே இருந்துச்சி?"

"நல்லாதான் இருக்கு. அப்பா தனியா இருக்கு."

அவளே கேட்கும்போது வேண்டாம் என்றால், அவளுக்குப் பதிலாக நான் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். அந்த வேலையை நீங்கள் செய்ததற்காகத்தானே இரண்டு வருடமாக உங்களைப் பிரிந்து இருக்கிறேன்.

ஆகவே உப்பளமே இருக்கட்டும். வாரநாட்களில் அங்கே தங்கட்டும். வசிப்பிடச் சான்றுக்கு நீங்கள் எழுதிப் போடுங்கள். ஆபீசிலிருந்து வீட்டுக்கு வந்து விசாரிப்பார்கள் என்றால், அன்றைக்கு வருகிறேன். அவளுடைய டி.சி. ஒரிஜினலை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் பீரோவில் வையுங்கள். டிராயரில் வேண்டாம்.

திண்டிவனத்திலும் 20ஆம் தேதி வரை இடம் வைத்திருப்பதாக அந்த வாத்தியார் சொன்னார். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஹேமலதா


முத்தியால்பேட்டை
7 ஜூன் 2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

டி.சி. வந்து சேர்ந்தது. பீரோவில், உன் பழைய பட்டுப் புடவை அட்டைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். புடவையை நீ எடுத்துப் போய்விட்டாய். பெட்டி இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டுத் தெருவில் இருப்பவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். காரணம் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, சொல்தா தன் வீட்டு மாடியிலிருந்து வாழ்த்தினார்.

சான்றுக்கு எழுதிப் போட்டாயிற்று. படிவத்தைக் கவியே நிரப்பினாள். நான் எதிரில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வருவாய் ஆய்வாளர் வினோத்குமார் 11ஆம் தேதி, புதன்கிழமை, பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். நல்ல மனிதர், நேர்மையானவர், அதுதான் சிக்கல். ஐந்து வருடம் தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது விதி. கவி இரண்டு வருடமாக இங்கே இல்லை. ஆகவே சில ஏற்பாடுகள்.

நீ பத்து மணிக்கே வந்துவிடு. உன் இரண்டு புடவையும் கவியின் யூனிபாரமும் கொண்டுவந்தால் கொடியில் காயப் போடலாம். நனைத்துக் கொண்டுவா, இங்கே தண்ணீர் பத்து மணிக்கு நின்றுவிடும். பாத்ரூமில் மூன்று பிரஷ் வாங்கி வைத்துவிட்டேன். மூன்றும் புதிதாக இருப்பது சந்தேகத்தைக் கிளப்பும் என்று நேற்றிலிருந்து மூன்றாலும் நானே மாறி மாறித் துலக்குகிறேன். சொல்தாவிடம் கேட்டால், "தினம் பாக்குறேனே, காலையில கோலம் போடறது அந்தம்மாதான்" என்பார். அவர் கூடுதலாக எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் என் கவலை.

ஆய்வாளர் கேட்டால் நீ, "இங்கதான் சார் இருக்கோம், அம்மாவைப் பாத்துக்க அப்பப்ப கோட்டக்குப்பம் போவேன்" என்று சொன்னால் போதும்.

வீட்டைக் கழுவினேன். நான்கு வாளி தண்ணீர். அதில் மூன்று சமையலறைக்கே.

இப்படிக்கு
சுத்தபத்தமாக
புருஷோத்தமன்


கோட்டக்குப்பம்
9 ஜூன் 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கவி கொண்டுவந்து கொடுத்தாள். இதையும் தபாலில் போட்டால் விசாரணை முடிந்த பிறகு வரும் என்பதால் அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்.

வருகிறேன். ஈரப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற மாட்டேன். என் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவரைப் பார்த்துக்கொள்ளக் கோட்டக்குப்பம் போகிறேன் என்று சொல்லவும் மாட்டேன். பெயர் கேட்டால் பெயரைச் சொல்வேன். காபி போட்டுத் தருவேன். மற்றது உங்கள் இலாகா.

பிரஷ் மூன்றையும் குப்பையில் போடுங்கள்.

ஹேமலதா


முத்தியால்பேட்டை
11 ஜூன் 2025, பிற்பகல்

அன்புள்ள ஹேமா,

நீ செருப்பைப் போட்டுக்கொண்டு கவியை அழைத்துப் போய் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. போகும்போது என்னைப் பார்த்த பார்வை கோபமா வேறெதுவுமா என்று புரியவில்லை. நீ சமையலறையில் இருந்ததால் முன்னறையில் நடந்தது முழுசாகத் தெரிந்திருக்காது. கவி பாதிதான் சொல்வாள். அதனால் எழுதுகிறேன்.

வினோத்குமார் கார்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கவியிடம், "நீ இங்கதான் இருக்கியாம்மா?" என்றார்.

"ஆமா சார், பொறந்ததுலேர்ந்து."

"ஸ்கூல் கோட்டக்குப்பம்னு போட்டிருக்கே?"

"இங்கேர்ந்து தினம் சைக்கிள்ல போவேன் சார். பத்து நிமிஷம்."

கண் இமைக்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த பாடம் இது இல்லை, அவளே கட்டியது. அரை நிமிடம் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். படிவத்தில் ஓட்டை விழுந்தால் நான் அடைக்கிற அதே சிமென்ட். பிறகு அவர் கேட்காமலே ஒன்று சேர்த்துச் சொன்னாள்.

"மழை பெஞ்சா அப்பாதான் ஸ்கூட்டியில கொண்டாந்து வுடும்."

ஹேமா, ஒரு நாள்கூட நான் அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதில்லை. எல்லையைத் தாண்டினால் உன்னைப் பார்க்க நேரிடும் என்று இரண்டு மழைக்காலம் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் எனக்காக ஒரு நல்ல அப்பாவையும் சேர்த்து நிரப்பிவிட்டாள். காலியாக இருந்த கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை. என் பெண்தான்.

வினோத்குமார் பேனாவைத் திறந்தார். "அஞ்சு வருஷமா தொடர்ச்சியா இங்கதானே சார்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தினம் பிறத்தியாருக்காக நாற்பது முறை எழுதுகிற வார்த்தை.

"இல்ல சார். ரெண்டு வருஷமா அவங்க அம்மாவோட கோட்டக்குப்பத்துல இருக்கா" என்று சொன்னது என் வாய்தானா என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப எதுக்கு சார் அப்ளை பண்ணீங்க?"

"குழப்பத்துல சார்."

அவர் பேனாவை மூடினார். அப்போதுதான் நீ காபியோடு வந்தாய். குடித்துவிட்டு அவர் சொன்னதை மட்டும் நீயும் கேட்டாய்: "காபி நல்லா இருக்கு மேடம். நீங்க இங்க இல்லன்னா சாருக்குக் கஷ்டம்தான்." அரசாங்கத்தின் அறிக்கையில் அது வராது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். உப்பளத்தில் லேப் பூட்டியிருக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். மூன்று என்ஜின், மூன்றும் இந்த வருடம்தான் வந்தவை. போல்ட்டெல்லாம் நீலப் பெயின்ட்டில் பளபளவென்று இருந்தன. ஒன்றின் மேல் சந்தனப் பொட்டு. தொடலாமா என்று கேட்டேன். திறப்பு விழாவுக்கு மந்திரி தேதி கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் என்றார்கள். நாளைக்கு நல்ல பள்ளியாகவும் ஆகலாம். பார்த்ததை உனக்கு எழுதாமல் வேப்பமரத்தைப் பற்றி எழுதினேன். ஸ்கூலைத் தேடினேனா, வாரநாட்களைத் தேடினேனா என்று கேட்டிருந்தாய். இதுதான் பதில்.

டி.சி.யைத் தபாலில் விட எனக்குத் தைரியமில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்த்துச் சொல்தாவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழியில் பிரான்ஸ் பற்றி யாரிடமாவது பேசாமல் இருந்தால் நாலு மணிக்குள் வந்துவிடுவார். நாளைக்கே திண்டிவனம் போய்ச் சேர்த்துவிடு. கவி என்னோடு பேசமாட்டாள். பேச வேண்டாம். ஸ்பேனர் பிடிக்கட்டும்.

புருஷோத்தமன்


கோட்டக்குப்பம்
26 ஜூன் 2025

என்னங்க,

சொல்தா அன்று ஆறரைக்குத்தான் வந்தார். வழியில் நான்கு வீட்டில் பாரிஸ் பேசியிருக்கிறார். டி.சி. கசங்காமல் இருந்தது. மறுநாளே சேர்த்துவிட்டேன்.

நம் சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் கதவு கிடையாது, திரைதான். பதினெட்டு வருடம் இருந்தவளுக்கு அது தெரியாதா? எல்லாம் கேட்டது. "மழை பெஞ்சா அப்பாதான் கொண்டாந்து வுடும்" என்று அவள் சொன்னபோது நான் சர்க்கரையை இரண்டாம் முறை போட்டுவிட்டேன். அதனால்தான் அவருக்குக் காபி நன்றாக இருந்திருக்கிறது.

கவிக்கு உங்கள் மேல் ஒரு வாரம் கோபம். "நான்தான் சரியா சொன்னேனே, அப்பா ஏன் அப்பிடி சொல்லிச்சி?" என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். நீ சரியாகச் சொன்னதால்தான் என்றேன். புரியவில்லை என்றாள்.

வகுப்பு ஆரம்பித்துவிட்டது. இருபத்து நான்கு பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். இன்னொரு பெண் சிந்துஜா, மயிலத்திலிருந்து வருகிறது. முதல் நாளே இரண்டு பேரையும் ஜீப்பிலிருந்து கியர்பாக்ஸை இறக்கச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். இறக்கிவிட்டார்கள். திரும்ப மாட்டியபோது மூன்று போல்ட் மிச்சம். எங்கிருந்து வந்தது என்று இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் இடம் கிடைத்துவிட்டதாம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அதைப் பற்றித்தான் பேச்சு. எதிரில் இருந்த ரசம் ஆறியது தெரியவில்லை. சட்டையில் இருக்கும் கிரீஸ் எதற்கும் போகமாட்டேன் என்கிறது. அடித்துத் துவைத்துக்கொண்டே சிரித்தேன். ஏன் என்று தெரியவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் அங்கே வருகிறாள். இது யாரும் எழுதிக் கொடுத்த ஏற்பாடு இல்லை, அவளே சொன்னாள். சாப்பிட ஏதாவது செய்து வையுங்கள். நிறையச் செய்யுங்கள், இப்போதெல்லாம் பசி அதிகம்.

"நீயும் வர்றியாம்மா?" என்று கேட்டாள். தெரியலடி என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. காரைக்காலை நான் மறக்கவில்லை, மறப்பேன் என்றும் தோன்றவில்லை. திரைக்குப் பின்னால் நின்று கேட்ட அந்த "இல்ல சார்" என்பதையும் மறக்க முடியவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் நடப்பது என்று குழப்பமாக இருக்கிறது.

தெளிந்தால் வந்துவிடுவேன். எழுத மாட்டேன்.

ஹேமா